பள்ளத்தில் இறங்கிய மரகதம்

கமோர்ட்டா தீவின் புல்மேட்டில் மரமே கிடையாது. மேடு, பள்ளம், மறுபடி மேடு. கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்து ஓய்ந்த மரகதம், மகனோடு இங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆட்டைத் தேடிப் போன இடத்தில் மழை மூடிக்கொண்டது, வழி தெரியவில்லை.

இலங்கைத் தேயிலை மலையில் பிறந்தவள். அங்கே வழி தவறினால் பள்ளத்துக்கு இறங்குவார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருக்கும், யாராவது கதவைத் திறப்பார்கள். இங்கும் அப்படியே இறங்கினாள். புல் முடிந்த இடத்தில் கடல் இருந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினாள். பிறகு இங்கே இந்தியில் கேட்டால்தான் புரியும் என்று நினைவு வந்து, "கோயி ஹை?" என்றாள். அலைதான் வந்து போனது.

மழை விட்டதும் மகன் தேடி வந்தான். "மேட்டுலயே நின்னிருந்தா கண்ணுல பட்டிருப்பியே, இங்க ஏம்மா வந்த?"

"பள்ளம்னா ஆளு இருக்கணும்டா!" என்று எரிந்து விழுந்தாள், கடலைப் பார்த்து.