மெத்தைச் சீட்டு

எழுபதுகளில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஈப்போ டவுனுக்குச் சைக்கிள் மிதித்தால், பாதி வழியிலேயே என் பின்புறம் மரத்துவிடும். பெண் பார்க்கப் போகிறவன் நொண்டிக்கொண்டா இறங்குவது?

"சாக்கை மடிச்சு ரப்பர் பால்ல நனைச்சு சீட்டுல கட்டு மச்சான், மெத்தை மாதிரி இருக்கும் லா" என்றான் கூட்டாளி. கட்டினேன். மெத்தையேதான், கொஞ்சமும் மரக்கவில்லை. பால் நன்றாகக் காய வேண்டும் என்பதை மட்டும் அந்த மடையன் சொல்லவில்லை.

பெண் வீட்டில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, கொடுத்த பலகாரத்தையெல்லாம் தின்றேன். புறப்பட எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா மட்டும் சிரிக்காமல் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குப் போக மனசில்ல போலிருக்கு" என்றார். "நாள் பாத்துரலாம் லா."