எக்ஸ்ரே அக்காவின் இடது தாடை

பல் மருத்துவமனையில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் எக்ஸ்ரே அறை பதினெட்டு வருடமாக அக்காவின் ராஜ்ஜியம். வருகிறவர்களின் தோடு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, "அசையாதீங்க!" என்று ஓர் அதட்டல் போடுவார். அதனாலேயே அங்கே அவருக்கு 'அசையாதக்கா' என்று பெயர். ஊரார் தாடையையெல்லாம் படம் பிடித்தவர், தன் தாடையை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை.

அதில் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர் கணவர். சலூன் வைத்திருப்பவர், நாள் முழுக்க முகங்களைப் பார்த்தே பழகிய கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியை உற்றுப் பார்த்தார்.

"இடது பக்கம் தாடை கொஞ்சம் கனமா தெரியுதே?"

"குண்டாயிட்டேன்னு நேரா சொல்லுங்களேன், எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?"

"குண்டானா ரெண்டு பக்கமும்தானே ஆகணும்?"

அக்கா கண்ணாடி முன்னால் போய் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தார். மறுநாள் தாடை அறுவை மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, உடன் வேலை செய்யும் பெண்ணைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டுத் தானே எந்திரத்தில் போய் நின்றார். திரையில் படம் விழுந்ததும் பழக்க தோஷத்தில், "அய்யோ பாவம், யாருது இது?" என்று கேட்டே விட்டார். முளைக்காத கடைவாய்ப் பல்லைச் சுற்றி, எலும்புக்குள் காதுக்குக் கீழ் வரைக்கும் ஒரு கருங்குழி.

மருத்துவர் அக்காவோடு பத்து வருடம் வேலை பார்த்த பெண்மணி. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தார். சாதாரணக் கட்டியாக இருந்தால் தண்ணீர் போல வந்திருக்கும். வந்ததோ கெட்டித் தயிர் மாதிரி வெள்ளையாக.

"இது அடிக்கடி வர்ற ரகம் இல்லக்கா. ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பிடுவோம்."

முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் அக்கா தோட்டைக் கழற்றச் சொல்ல மறந்து, இரண்டு பேருக்கு மறுபடி படம் எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் புற்று இல்லை என்று தெரிந்தது. ஆனால் பொல்லாத கட்டி. உள்சவ்வு தோல் மாதிரி செதில் உதிர்த்துக்கொண்டே, எலும்புக்குள் சத்தமில்லாமல் நீளும். துணுக்கு மிஞ்சினாலும் திரும்ப வரும்.

"அப்ப சுரண்டி எறிஞ்சிடுங்க டாக்டர்."

"எலும்பு இப்ப முட்டை ஓடு மாதிரி இருக்குக்கா. கை வச்சா ஒடிஞ்சிடும், உதட்டு நரம்பும் போயிடும். முதல்ல கட்டியில ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை திறந்து சின்னக் குழாய் வைப்போம். தினம் ரெண்டு வேளை உப்புத் தண்ணி அடிச்சுக் கழுவணும். கட்டி சுருங்கி எலும்பு வளரட்டும், அப்புறம் எடுப்போம். எட்டு ஒன்பது மாசம் ஆகும்."

"யாரு அடிக்கிறது?"

கணவர் கையைத் தூக்கினார். "இருபத்தஞ்சு வருஷமா கழுத்துல கத்தி வைக்கிறேன், இதுவரைக்கும் ஒருத்தரும் சாகல."

முதல் நாள் சிரிஞ்சுத் தண்ணீர் அவர் கண்ணிலேயே பீய்ச்சியடித்தது. ஒரு வாரத்தில் கைதேர்ந்துவிட்டார். சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு, சலூன் துணியை மனைவியின் கழுத்தில் கட்டி, வாயைத் திறக்க வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த குறையையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து விடுவார். மச்சானில் ஆரம்பித்துப் போர்வையை இழுத்துக்கொள்வது வரை. பாவம், வாயைத் திறந்து வைத்திருக்கும் அக்காவால் அப்போது பதில் பேச முடியாது. ஆனால் தண்ணீரைத் துப்பிய அடுத்த கணம், ஒன்றுகூட விடாமல் வரிசையாகப் பதில் வரும்.

படத்துக்குப் படம் குழி சுருங்கியது. ஒன்பதாம் மாதம், மயக்க மருந்து கொடுத்து, பல்லோடு சேர்த்துச் சவ்வை முழுசாக உரித்தெடுத்தார் மருத்துவர். சுற்றியிருந்த எலும்பையும் மெல்லிசாக ஒரு சுற்று இழைத்தெடுத்தார். இரண்டரை மணி நேரம்.

கீழுதடு மரத்துப் போயிருந்தது. டீ மோவாயில் வழிவதுகூட அக்காவுக்குத் தெரியாது. கணவர் ஜாடை காட்டுவார். ஆறாவது வாரம் ஒரு காலையில் டம்ளரை உதட்டில் வைத்ததும், "அய்யோ, சுடுது! சுடுதுங்க!" என்று துள்ளினார். உதட்டைச் சுட்டுக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர் கணவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

கட்டி திரும்புகிறதா என்று வருடா வருடம் படம் எடுக்க வேண்டும். மூன்று முடிந்துவிட்டது, மூன்றிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவது படத்தைப் பார்த்த மருத்துவர், "இங்க கட்டி இருந்துச்சுன்னு நானே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்கக்கா" என்றார். அன்று தம்பதி இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனார்கள்.