எட்டு வாளி அச்சாறு

பத்தாம் தரத்தில் தொழில் முயற்சியாண்மை என்ற பாடத்தை எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் அப்பா ஆட்டோவைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். வியாபாரம் செய்யக் கற்றுக்கொடுக்கிற பாடம் என்றேன். "மாத்தளை டவுன்ல கடை வச்சிருக்கிறவங்க எல்லாம் எந்த ஸ்கூல்ல படிச்சிட்டு வந்தாங்களாம்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். அவர் கேட்டதற்குப் பதில் பாடப்புத்தகத்தில் இருக்கிறதா என்று நான் உண்மையாகவே தேடிப் பார்த்தேன். இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் அந்த வருடம்தான் தொடங்கியது. இருபத்தேழு பேர் சேர்ந்தோம். பாதிப் பேர் சேர்ந்தது பாடத்துக்காக அல்ல, டீச்சருக்காக. புதிதாக நியமனம் கிடைத்து வந்தவர். முதல் வாரத்திலேயே எங்கள் எல்லோருடைய பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டார். சிரிப்பு வந்தால் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், கை முழுக்கச் சுண்ணாம்பாகிவிடும். ஆனால் அதிபருக்கு அந்தப் பாடத்தின் மேல் அவ்வளவாக நம்பிக்கையில்லை. வருடக் கடைசியில், மூன்றாம் தவணையில், மாணவர் சந்தை ஒன்று வைக்க வேண்டும், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி சேர் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தியில்லாவிட்டால் அடுத்த வருடம் பாடத்தை நிறுத்திவிடுவோம் என்று சொல்லிவிட்டார். பாடம் போனால் டீச்சரும் போய்விடுவார். "என்னையத் தூக்கிக் காட்டுப்பக்கம் பல்லேகமவுல போட்டுடுவாங்க" என்று டீச்சர் விளையாட்டாகத்தான் சொன்னார். என் சிநேகிதி ரிஹானா அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

மூன்று மூன்று பேராக ஒன்பது குழுக்கள் பிரிந்தோம். முதல் வேலை சந்தை ஆய்வு. ஒவ்வொரு குழுவும் முப்பது பிள்ளைகளிடம் போய், சந்தையில் எதை விரும்பி வாங்குவீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். நாங்கள் ஆறாம் தரத்துப் பிள்ளைகளை இடைவேளையில் மடக்கிப் பிடித்துக் கேட்டோம். முப்பதில் இருபத்தாறு பேர் அச்சாறு என்றார்கள். இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன? பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நிற்கிற அச்சாறு வண்டியைச் சுற்றி எவ்வளவு கூட்டம் என்று ஊருக்கே தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த வண்டி என் சின்னம்மாவுடையது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. வீடு அலுவிகாரையில். கண்ணாடிப் பெட்டி வைத்த தள்ளுவண்டியில், ஒலிவ் மாதிரிச் சின்னதாய்ப் புளிக்கும் வெரளிக்காயை வினாகிரியில் ஊறவைத்த அச்சாறு விற்பார். சின்னக் கோப்பையில் அள்ளிப்போட்டு, மேலே மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பார். அம்மாவுக்கும் அவருக்கும் முகம் ஒன்று, வாய் மட்டும் வேறு. அம்மா பத்து வார்த்தையில் சொல்வதைச் சின்னம்மா ஒரு புருவத்தைத் தூக்கிச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் வாரத்திலேயே வகுப்பில் சண்டை வந்தது. எங்கள் யோசனையை அவர்கள் திருடிவிட்டார்கள் என்று ஒரு குழு, இல்லை என்று இன்னொரு குழு. டீச்சர் ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு குழுவும் திட்டத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். சந்தையன்று காலையில்தான் பிரிப்பார். அதுவரை அவரும் பார்க்க மாட்டார். "வியாபார ரகசியம்னா ரகசியந்தான். எனக்கும் சேர்த்துத்தான்" என்றார். இவ்வளவு நேர்மையான டீச்சர் எங்களுக்குக் கிடைத்தாரே என்று பூரித்துப்போனோம்.

அன்று பின்னேரமே நான் சின்னம்மாவிடம் போனேன். வண்டியருகே யாரும் இல்லாத நேரம் பார்த்து, நாங்கள் அச்சாறு போடப்போகிறோம், செய்முறை சொல்லித் தர வேண்டும் என்று கேட்டேன். "ஆனா ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. எந்தலையில அடிச்சிச் சத்தியம் பண்ணுங்க" என்றேன். சின்னம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. பிறகு தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். வெரளிக்காயை எவ்வளவு அவிப்பது, எப்படி நசுக்குவது, வினாகிரி எவ்வளவு, சீனி எவ்வளவு, மிளகு எப்போது என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், "மூணு நாள் ஊறணும் புள்ள. அவசரப்பட்டா பல்லுதான் கூசும்" என்றார்.

இதைப் போய் ரிஹானாவிடம் சொன்னபோது அவள் கண்ணைச் சுருக்கினாள். போட்டியாளரைப் பற்றிய அத்தியாயத்தை நாங்கள் அப்போதுதான் படித்து முடித்திருந்தோம். "உங்க சின்னம்மா நமக்குப் போட்டியாளர்டி. மூணு நாள்னு சொல்லி நம்மள லேட்டாக்கப் பாக்குறாங்க" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. சொந்தச் சின்னம்மாவைச் சந்தேகப்பட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கோ, பெரிய வியாபாரியாகிவிட்ட பெருமைதான் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வண்டியருகே நின்று சின்னம்மாவின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒருவர் வந்தால் மற்றவர் நழுவிவிடுவார். பாவம், கடன் சொல்லி வாங்குகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தை வெள்ளிக்கிழமை. நாங்கள் அச்சாறு போட்டது வியாழக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டுக் குசினியில். வினாகிரி நெடியில் அம்மாவுக்குக் கண்ணெரிந்தது. அப்பா வாசலில் நின்று ஒன்பது தடவை தும்மினார். நீலநிற வாளியை மூடி, அதன்மேல் ஒரு துண்டைக் கட்டி, ஏதோ தங்கம் கொண்டுபோவதுபோல் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனோம்.

மண்டபத்தில் ஒன்பது மேசைகள். எல்லாவற்றையும் சேலைத் துணியால் மூடியிருந்தார்கள். பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் என்று ஒரே கூட்டம். டீச்சர் மேடையில் ஏறி உறைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். முதல் குழு, வெரளிக்காய் அச்சாறு. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது, வெரளிக்காய் அச்சாறு. கொஞ்சம் கைதட்டல். மூன்றாவதிலும் அதுவே வந்தபோது டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாவதில் மண்டபமே சிரித்தது. எட்டாவதை வாசித்தபோது டீச்சர் சிரிக்கவில்லை. கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதை என்பார்கள். இங்கே தெருவில் இருந்த எட்டுப் பேருமே கொல்லர்கள்.

ஒன்பதாவது குழு கடைசி வாங்குப் பலகையில் இருக்கிற மூன்று பையன்கள். அவர்கள் சந்தை ஆய்வே செய்யவில்லை. முப்பது பேரின் பதிலையும் ஆல மரத்தடியில் உட்கார்ந்து தாங்களே எழுதியிருந்தார்கள். ஒருவன் வீட்டில் தேசிக்காய் என்கிற எலுமிச்சை மரம் நின்றதால் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

விற்பனை தொடங்கியது. நாங்கள் இருபது ரூபாய் என்றோம். பக்கத்து மேசை பதினைந்து என்றது. எதிர் மேசை பத்து என்றது. அதற்கப்புறம் ஒரு கோப்பை வாங்கினால் இன்னொன்று சும்மா என்று ஒருவன் கத்தத் தொடங்கினான். ஆனால் விலையா பிரச்சினை? ஏழாம் தரத்துப் பிள்ளை ஒன்று எங்கள் வெரளிக்காயை வாயில் போட்டதும் அதன் ஒரு கண் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்துக்குத் திறக்கவேயில்லை. மற்ற ஏழு வாளியும் அதே லட்சணம்தான், எல்லாமே முதல் நாள் பின்னேரம் போட்டவை. தின்ற பிள்ளைகள் வாயைப் பிடித்துக்கொண்டு நேராக ஒன்பதாவது மேசைக்கு ஓடினார்கள். அந்த மூன்று சோம்பேறிகளும் ஒன்பதரை மணிக்குள் இரண்டாவது தடவை தண்ணி கரைத்துவிட்டார்கள்.

பத்து மணிக்குப் பிறகு எங்கள் மேசைப்பக்கம் யாரும் வரவில்லை. டீச்சர் ஒவ்வொரு வாளியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். "பதினோரு மணிக்கு சேர் வந்துருவாரு" என்று மட்டும் சொன்னார். மேசைத்துணியை இழுத்து நேராக்கினார், பிறகு மறுபடியும் நேராக்கினார். பல்லேகமவுக்குப் போகும் பஸ்ஸில் டீச்சர் பெட்டியோடு ஏறுவது கண்முன்னால் தெரிந்தது.

அப்போதுதான் சின்னம்மா உள்ளே வந்தார். அன்றைக்கு வாசலில் யாரும் விற்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்ததால் வண்டி இல்லை. பச்சைச் சேலையும் கைப்பையுமாக, அவர்தான் வலயத்திலிருந்து வந்தவர்போல நடந்துவந்தார். நான் அவரை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"எட்டு மேசையும் அச்சாறு! எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாந்தானே, சின்னம்மா?"

"எப்பிடிச் சொல்றது? எட்டுத் தலையில கைவச்சிச் சத்தியம் பண்ணியிருக்கேன். நீ ரெண்டாவதா வந்த" என்றார். பிறகு, "எட்டுப் பேருக்கும் மூணு நாள்னுதான் சொன்னேன். ஒரு புள்ளயாவது கேட்டீங்களா?" என்று புருவத்தைத் தூக்கினார்.

சின்னம்மா என்னை விட்டுவிட்டு மேசை மேசையாகப் போய்ச் சுவைபார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் மேசையில் நின்று, வாளியோடு என்ன விலை என்று கேட்டார். அந்தப் பையன்கள் நானூறு ரூபாய் என்றார்கள். அது காதில் விழுந்ததும் இரண்டாவது மேசைக்காரர்கள் முந்நூறு என்றார்கள். மூன்றாவதில் இருநூற்றைம்பது. சின்னம்மா வாயே திறக்கவில்லை, விலை தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததென்று தெரியவில்லை. கூட்டுறவு பற்றிய பாடத்தில் டீச்சர் கட்டாகக் கட்டிய விறகை முறிக்கச் சொல்லி, எங்களால் முடியாமல்போனது நினைவில் இருந்திருக்கலாம். வாங்கின் மேல் ஏறி நின்றேன். "ஒருத்தரும் தனியா வெலை சொல்லாதீங்க! எட்டு வாளிக்கும் ஒரே வெலை. எடுத்தா எட்டையும் எடுக்கணும், இல்லாட்டி ஒன்னும் இல்ல" என்று கத்தினேன். இத்தனை நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரகசியம் காத்த எட்டுக் குழுக்களும் ஒரு நிமிடத்தில் என் பின்னால் வந்து நின்றன.

சின்னம்மா என் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாதவர்போல, "அப்ப நீங்கதான் மொதலாளியா தங்கச்சி?" என்று கேட்டார். நானும் அவரைத் தெரியாதவள்போலவே நின்றேன். அவர் வாளி இருநூறு என்றார். நான் ஐந்நூறு என்றேன். காய் வேகவில்லை என்றார். வினாகிரி முதல்தரம் என்றேன். போய்விடுவதுபோல் வாசல்வரை நடந்தார். ரிஹானா என் கையைக் கிள்ளினாள், நான் கூப்பிடவில்லை. அவரே திரும்பி வந்தார். முந்நூற்றைம்பதில் முடிந்தது. எங்களுக்குப் பிடித்த செலவைவிடக் கொஞ்சம் கூட.

கைதட்டல் கேட்டுத் திரும்பினால், வலயத்து சேர் மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. "பேரம் பேசவும் நீங்களா டீச்சர் பழக்குனீங்க?" என்று கேட்டார். டீச்சருக்குப் பொய் வராது. "இல்ல சேர், கூட்டுறவுப் பாடம் மட்டுந்தான் நான் படிச்சுக் கொடுத்தேன். மத்தது அவங்களே" என்றார். சேர் சிரித்துக்கொண்டே தன் புத்தகத்தில் நிறைய எழுதினார்.

எட்டு வாளியும் அப்பாவின் ஆட்டோவில் இரண்டு நடையாக அலுவிகாரைக்குப் போயின. அதிகம் விற்ற குழுவுக்கான கேடயம் தேசிக்காய்த் தண்ணிக்காரர்களுக்குக் கிடைத்தது. யாருக்கும் அதில் வருத்தமில்லை. பாடம் அடுத்த வருடமும் உண்டு என்று அதிபர் மேடையிலேயே சொன்னார். டீச்சர் பிடித்துக்கொள்ளக் கரும்பலகை இல்லாததால் என்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னம்மாவையே மடக்கிவிட்டேன் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அப்பா மீசைக்குள் சிரித்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் வழக்கம்போல் வண்டி நின்றது. வழக்கத்தைவிடக் கூட்டம். என் பங்கு லாபத்தில் எனக்கும் ரிஹானாவுக்கும் ஒவ்வொரு கோப்பை வாங்கினேன். வாயில் போட்டதும் வெரளிக்காய் அப்படியே கரைந்தது. புளிப்பும் இனிப்பும் உறைப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து இறங்கின. நான் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "இதுதான் அச்சாறு! நாங்க போட்டதும் ஒரு அச்சாறா?" என்றேன். எட்டுக் குழுப் பிள்ளைகளும் வாய் நிறைய வைத்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சின்னம்மா என்னை உற்றுப் பார்த்தார். "உண்மையாவா புள்ள?" என்று கேட்டுவிட்டு, என் கோப்பையில் இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டார். வெள்ளிக்கிழமை போன எட்டு வாளியும் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தன் கைப்பக்குவத்தைப் புகழ்ந்ததற்குத்தான் அந்தக் கரண்டி என்று நினைத்துக்கொண்டு, அதையும் நக்கித் தின்றேன்.