திரையில் சைபர், பெட்டியில் ஒன்று

வெள்ளானூரிலிருந்து ஒரு மாவு மிஷின்கார அம்மா, அறுந்துபோன பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். தீபாவளிக்கு முந்தின வாரம். அந்த பெல்ட் கிடைக்காவிட்டால் அவளுக்கு அந்த வருஷத்துச் சம்பாத்தியமே போச்சு. பெல்ட் எங்கள் கடையில் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் இல்லை என்றது. அதை அப்படிச் சொல்ல வைத்தது நான்தான். அதற்காக நான் ஒன்றும் வெட்கப்படவில்லை. கேட்டதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய் ஃபாக்ஸ்ப்ரோவில் கணக்கு புரோகிராம் எழுதப் படித்திருந்தேன். கூடப் படித்தவர்கள் பெரிய கம்பெனிகளுக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டு தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பேரிங்கும் பெல்ட்டும் விற்கிற ஒரு கடைக்குள் நேராகப் போனேன். "உங்க சரக்கு மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன் சார்" என்றேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் பொட்டில இன்னா கீதுன்னு எனக்கே தெரியாது. உனக்குத் தெரிஞ்சிடுமாம்மா?"

"தெரிஞ்சிடும் சார்."

தெரிந்துகொண்டேன். ஏணி போட்டு ஏறி, கை முழுக்க கிரீஸோடு ஒவ்வொரு பெட்டியாக எண்ணி, ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு நம்பர் கொடுத்து ஏற்றினேன். பில் போட்டால் இருப்பு தானாகக் குறையும். நம்பரைத் தட்டினால் எத்தனை இருக்கிறது என்று திரையில் வரும். ஒரு பிசகு கிடையாது.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே சண்டை. லேத் பட்டறைக்காரர் ஒருவர் பேரிங் கேட்டார். திரையில் ஒன்று என்று வந்தது. முதலாளி "இல்லப்பா" என்றார். வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அதான் ஒண்ணு கீதுன்னு காட்டுதே! எனக்குக் குடுக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டுப் போனார்.

அப்புறம்தான் முதலாளி விஷயத்தைச் சொன்னார். அந்தக் கடையில் எந்தப் பெட்டியிலும் கடைசி ஒன்றை விற்க மாட்டார்களாம். "உங்க ஊட்ல அரிசி டின்னை வழிச்சா எடுப்பீங்க? ஒரு புடியாவது வுட்டு வெக்க மாட்டீங்க? அது மாதிரிதாம்மா. பொட்டி காலியாச்சுன்னா லட்சுமி பூடுவா. இத்த உன் கம்ப்யூட்டருக்குச் சொல்லு, இல்லாங்காட்டி தூக்கிக்கினு போ."

அட, இவ்வளவுதானா! உள்ளே இருக்கிற இருப்பில் ஒன்றைக் கழித்துத் திரையில் காட்டு என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒன்று இருந்தால் சைபர் என்று காட்டும். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இப்பதாம்மா இதுக்குப் புத்தி வந்துகீது" என்று பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நானும் மிதப்பாகத்தான் நின்றேன்.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் மாவு மிஷின் அம்மா வந்தாள்.

"கண்ணு, இந்த சைஸு பெல்ட்டு ஒண்ணு குடு. ஆவடி பூரா தேடிட்டேன். பூந்தமல்லியிலயும் இல்லன்ட்டாங்கோ."

தட்டினேன். சைபர். அவளும் பார்த்தாள். வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஊட்டுக்கு ஊடு முறுக்கு மாவுக்கு அரிசி கொணாந்து வெச்சிட்டுப் போய்க்கிறாங்கோ. இன்னிக்கு மிஷினு ஓடலன்னா அல்லாரும் டப்பாவைத் தூக்கிக்கினு வேற இடம் பூடுவாங்கோ. வருசத்துல இந்த ஒரு வாரந்தான் கண்ணு எனக்குச் சம்பாத்தியம். மீதி நாளெல்லாம் கரண்டு பில்லுக்கே சரியாப் பூடுது."

எழுந்து முதலாளியிடம் போனேன். "சார், அந்த பெல்ட் ஒண்ணு இருக்கு."

"கம்ப்யூட்டர் இன்னா சொல்லுது?"

"சைபர்."

"அப்ப இல்ல."

வந்ததே கோபம்! "அதுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்ததே நான்தான். எங்கிட்டயே கதை விடுறீங்களா சார்?"

அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருந்தால் நானும் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஆனால் அவர் முகம் சுருங்கிவிட்டது. "தீபாவளி வாரத்துலயாம்மா பொட்டியைக் காலி பண்ணச் சொல்ற?" என்றார். மனிதர் நிஜமாகவே பயந்திருந்தார். அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாவின் தோளில் அறுந்த பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

"பெட்டி காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே சார்?"

அறுந்ததை அவளிடம் வாங்கி, ஏணியில் ஏறி, புது பெல்ட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் பழையதைப் போட்டேன். முதலாளியும் பின்னாலேயே ஏறி வந்து எட்டிப் பார்த்தார்.

"அறுந்ததும்மா இது."

"அறுந்தா என்ன சார்? ஊருக்கே மாவு அரைச்ச பெல்ட்டு. உங்க புதுசு இன்னும் ஒரு படிகூட அரைக்கல."

பெட்டிக்குள் கையை விட்டு அதைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்த அம்மா காசைக் கொடுத்துவிட்டு, பில்லைக்கூட வாங்கிக்கொள்ளாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

விற்பனையை ஏற்றினேன். திரையில் மைனஸ் ஒன்று என்று வந்தது. முதலாளி பதறிப்போனார். "ஐயையோ, இன்னாம்மா இது, சைபருக்கும் கீழ போவுது?"

"உள்ளே வந்த பழைய பெல்ட்டையும் வரவுல ஏத்தணும் சார். அப்பதான் சரியாகும்."

"அப்ப ஏத்து, ஏத்து."

ஏற்றினேன். விலை என்று கேட்டு கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது. "விலை என்ன சார் போடட்டும்?"

அவர் அந்தப் பெட்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "வெல போடாதம்மா. எவனாவது வாங்கிக்கினு பூடப் போறான்."