கரையான்சாவடியில் சார்ஜர் நின்றது

கரையான்சாவடி மெயின் ரோட்டில் மின்சாரக் கார்களுக்கான இரண்டு சார்ஜர்கள் இருக்கின்றன. ஒன்றில் திரையே எரியவில்லை. மற்றதில் ஒரு கால் டாக்ஸிக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. நெல்லூரிலிருந்து நான் ஓட்டிவரும் இரவல் காரில் ஆறு சதவீதம்தான் மிச்சம். வாலாஜாவில் அண்ணனைக் கிடத்தியிருக்கிறார்கள். நான் போய் முகம் பார்த்ததும், பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும்.

டாக்ஸிக்குள் தூங்கும் டிரைவரை எழுப்பிச் சொல்கிறேன்.

"சாவு ஊட்டுக்கா? மொதல்ல நீ போட்டுக்கோ அண்ணாத்தே."

தன் காரிலிருந்து கேபிளைக் கழற்றி நீட்டுகிறார். என் காரில் மாட்டுகிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. திரும்பத் திரும்ப மாட்டியும் அதேதான். அவர் தன் காரிலேயே மாட்டிப் பார்க்கிறார். அதற்கும் ஏறவில்லை.

"காலைலயும் இப்டித்தான். கழட்டாம வுட்டா ஓடிகினே இருக்கும், கழட்டிட்டா அப்பால ஏறாது" என்கிறார்.

"தெரிஞ்சுமா கழட்டினீங்க?"

"சாவாச்சே. இன்னா பண்ண சொல்றே?"

வெயில் தணிந்துவிட்டது. இனி பஸ் பிடித்தாலும் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். அண்ணி போனில் கூப்பிடுகிறார்.

"எங்க தம்பி இருக்கே? எல்லாரும் நிக்கிறாங்க."

"எனக்காக வச்சிருக்காதீங்க அண்ணி. எடுத்துடச் சொல்லுங்க."

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறார்.