காத்திருக்கச் சொல்லும் கீதம்

முடிச்சூரில் வெள்ளம் வந்து, எங்கள் அப்பார்ட்மெண்ட் குடும்பங்கள் எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறியபோதுதான் தரைத்தள வீட்டுக்காரரோடு முதன்முதலாகப் பேசினேன். ஒல்லியான மனிதர். நனைந்த லுங்கிக்கு மேல் ஆபீஸ் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி, முகமெல்லாம் வீங்கிப்போய். டயாலிசிஸுக்குப் போயிருக்க வேண்டிய நாள் முந்தின நாளே தாண்டிவிட்டது.

படகு கேட்டு உதவி எண்ணுக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் ஒரு கீபோர்டு இசை ஓடும். உடனே கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக எழுந்து நிற்பார்.

"எதுக்கு சார் ஒவ்வொரு தடவையும் எழுந்து நிக்கறீங்க?"

"தேசிய கீதம் சார். நாட்டுக்குப் புதுசா ஒண்ணு வைக்கணும்னா இந்த காத்திருக்கச் சொல்ற மியூசிக்கைத்தான் வைக்கணும். நாட்டுல பாதிப் பேர் இதைக் கேட்டுக்கிட்டுதான் நிக்கறாங்க."

"குப்பை வண்டிப் பாட்டை வைக்கலாமே?" என்றேன், அவரைச் சிரிக்கவைக்க.

"அந்தப் பாட்டுக்கு வண்டியாவது வரும் சார்."

மதியம் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எழுந்து, தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி, அந்த இசையைத் தானே முனக ஆரம்பித்தார். ஒரு இடம்கூடப் பிசகவில்லை.

அது கேலியா, வேண்டுதலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் மனைவியும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.