எங்கள் மேய்க்காலைக் கேட்டவர்

வார்டு மெம்பராக இருந்தவர்களுக்குத் தெரியும்: தெருவிளக்கு எரியாவிட்டால் நம் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், எரிந்தால் கரண்டு ஆபீசைப் புகழ்வார்கள். உத்திரமேரூர் பக்கம் அந்த வேலை பார்க்கும் எனக்கும் ஒரு தடவை மாலை விழுந்தது. எங்கள் ஊர் மாடு மேயும் மேய்க்கால் புறம்போக்கை, தன் லேஅவுட்டுக்கு ரோடு போட மனை விற்கும் மனைக்காரர் ஒருவர் கேட்டபோது.

கொடிக்கு வந்த கதி

கேட்ட கையோடு மேய்க்கால் நெடுக கலர் கொடி நட்டுவிட்டார். எங்கள் ஊர்ப் பவுனுவுக்குக் காணி நிலம் கிடையாது. இரண்டு கறவை மாடும் அந்தப் புல்லும்தான் பிழைப்பு. அவள் மாடு ஒரு கொடி விடாமல் தின்றுவிட்டு, மறுநாள் பச்சையும் மஞ்சளுமாய்ப் பால் கறந்தது. நான் பார்த்தேன், நம்புங்கள். மனைக்காரர் சண்டைக்கு வந்தார். பவுனு அசரவில்லை.

"புல்லு கீற எடத்துல துணிய நட்டா, மாடு இன்னா நைனா பண்ணும்?"

தாசில்தார் வந்த நாள்

'இந்த ஊரில் மாடே இல்லை, மேய்க்கால் எதற்கு?' என்று அடுத்து ஒரு மனு. தாசில்தார் நேரில் பார்க்க வருகிறார் என்றதும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஆயிரம் மாடு வந்தது. சரி, நீங்கள் நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு காளை கதவில் முதுகு தேய்க்க, வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. தாசில்தார் கண்ணாடியைக் கொஞ்சமாய் இறக்கினார்.

"மெம்பரே, மாடு இருக்குன்னு எழுதிக்கிறேன். மொதல்ல இந்தக் காளைய நகர்த்துங்க!"

நீட்டாத விரல்

மிச்சம் இருந்தது கிராம சபை. எங்கள் ஊர் வழக்கம், உங்கள் ஊரிலும் அதுதானே: முதலில் வெற்று நோட்டில் கையெழுத்து; ஆள் கலைந்தபிறகு தீர்மானம். அதை நம்பித்தான் மனைக்காரர் பிரியாணியோடு வந்திருந்தார். எழுதி உரக்கப் படிக்கும்வரை யாரும் நோட்டில் கை வைக்கக்கூடாது என்று நான் முன்பே தெருத்தெருவாய் ஓதியிருந்தேன். ஊராட்சிச் செயலர் மைப்பெட்டியை முதலில் பவுனுவிடம் நீட்டினார். அவள் கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "மொதல்ல படி சார், பிரியாணி ஆறினாலும் பரவால்ல" என்றாள். ஊரே அவளோடு சேர்ந்து கத்தியது.

வேறு வழியில்லாமல் செயலர், ஊர் சொன்னதை எங்கள் கண்முன்னே எழுதிப் படித்தார்: 'மேய்க்கால் மேய்க்காலாகவே இருக்கும், வகை மாற்றச் சம்மதமில்லை.' பிறகே நாங்கள் கையெழுத்து வைத்த அந்தத் தீர்மானமும் தாசில்தார் அறிக்கையும் போக, கலெக்டர் ஆபீசில் மனு தள்ளுபடி. ஆக்கிரமித்தால் தண்டனை என்று மேய்க்காலில் அரசு போர்டே நட்டார்கள். ஊர் போட்ட மாலையோடு நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பவுனு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இதயும் சத்தமா படி மெம்பரே, எம் மாட்டுக்கும் கேக்கட்டும்."

சட்டம் எப்போதும் நம் பக்கம்தான், மெம்பர்மார்களே. கூட்டத்துக்கு நாம்தான் வர மாட்டேன் என்கிறோம்.